யார் உள்ளே வரலாம்? – கோப்புறை அனுமதிகளின் கதை

கணினியில் ஒரு கோப்புறையைத் திறக்கப் போகும்போது "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி வந்து நிற்பது பலருக்கும் பழகிப்போன எரிச்சல். சொந்தக் கணினி, சொந்தக் கோப்பு, ஆனால் உள்ளே போக முடியாது! இந்தச் செய்திக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோது "இது யாருடையது? இதை யார் பார்க்கலாம்?" என்ற கேள்வி பிறந்தது. அதற்கு அன்று முதல் இன்றுவரை தரப்படும் பதில் ஒரு பட்டியல்தான். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நிறையப் பேர். எழுதிய பிறகு அதை எடுத்துப் படித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நடந்த பெரிய தவறுகளில் பல அங்கிருந்துதான் வந்தன.

பலர் பகிர்ந்த கணினி

1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்ற முறை செய்து காட்டப்பட்டது. ஒரே கணினியின் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கி, பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்தது இது. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. பிற்காலத்தில், 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர்.

பலர் பயன்படுத்தும் கணினி என்றால் ஒவ்வொருவருக்கும் தனிக்கோப்புகள் வேண்டும். அவற்றைப் பிறர் தொடாமலிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. ஆனால் அந்தக் கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் அப்படியே, மறைகுறியாக்கம் ஏதுமின்றி எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கோப்பை யார் காப்பது?

விடை விரைவிலேயே தெரிந்தது. 1962-இல் அங்கு ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு, ஒதுக்கப்பட்ட கணினி நேரம் தம் ஆய்வுக்குப் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி துளை அட்டையில் எழுதிக் கொடுக்கும் வசதி அங்கே இருந்தது. அவர் கடவுச்சொல் கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். அச்சுத்தாளில் எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்துவிட்டது! எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கேட்டார், கொடுத்தார்கள். அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார்.

1960-களின் நடுவில் இன்னொரு சம்பவம். கணினியில் நுழையும்போது அன்றைய அறிவிப்பு ஒன்று அச்சாவது வழக்கம். ஒரு நாள் அந்த அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் கோப்பு முழுவதும் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அச்சாகியது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் ஒரே அடைவில் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய தொகுப்பு நிரல், தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே வைத்தது. ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார், மற்றவர் கடவுச்சொற்களைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பட்டோ தம் டூரிங் விருது உரையிலேயே இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார்.

மல்டிக்ஸின் நீண்ட பட்டியலும் யுனிக்ஸின் ஒன்பது எழுத்தும்

இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த அடுத்த திட்டம் மல்டிக்ஸ். மாசசூசெட்ஸ் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கியது. 1965-இல் டேலி, நியூமன் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரையில் மல்டிக்ஸின் கோப்பு முறை விளக்கப்பட்டது. அடைவுக்குள் அடைவு என்று மரம் போலக் கிளைக்கும் அமைப்பும், ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலும் அதில் இருந்தன. இன்று அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்றும், சுருக்கமாக ஏசிஎல் என்றும் சொல்லப்படுவது இதுதான்.

1969-இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு சிறிய கணினியில் தொடங்கிய வேலைதான் யுனிக்ஸ். சிறிய கணினியில் நீண்ட பட்டியல்களை வைக்க இடம் ஏது? அவர்கள் அதைச் சுருக்கினார்கள். நாளடைவில் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று வகை, படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமை, ஆக ஒன்பது இருமக்குறிகள் என்ற வடிவம் நிலைபெற்றது. ஒன்பதே குறி என்பதால் ஒரே பார்வையில் படித்துவிடலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் இன்றும் அன்றாடம் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. "கணக்குப் பிரிவினர் எல்லோரும் படிக்கலாம், புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் கூடாது" என்று ஒன்பது குறிகளில் சொல்வது கடினம். மல்டிக்ஸின் பட்டியலில் சொல்லலாம், ஆனால் பட்டியல் நீண்டுவிடும். எளிமை வேண்டுமா, நுட்பம் வேண்டுமா என்ற இந்த இழுபறி அன்று தொடங்கியது. இன்றும் முடியவில்லை.

1975-இல் ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் பாதுகாப்புக்கான கொள்கைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவருக்குத் தேவையான அளவு உரிமையை மட்டுமே தர வேண்டும், சொல்லாமல் விட்டது மறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. பயன்படுத்துவோருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பதும் ஒரு கொள்கையாக அதில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. புரியாத பூட்டைத் தவறாகத்தான் பூட்டுவார்கள் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

கதவே இல்லாத வீடு

இவையெல்லாம் பெரிய கணினிகளின் கதை. 1981-இல் ஐபிஎம்மின் தனியாள் கணினியோடு வந்த எம்எஸ்-டாஸில் இந்தக் கேள்வியே எழவில்லை. மேசை மேல் ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு மனிதர். கோப்பு யாருடையது என்று எழுதி வைக்க அதன் ஃபேட் கோப்பு முறையில் இடமே கிடையாது. ஒரு கோப்பைப் "படிக்க மட்டும்" என்று குறித்து வைக்கலாம். ஆனால் அந்தக் குறியை யார் வேண்டுமானாலும் நீக்கிவிடலாம்.

விண்டோஸ் 95, 98 ஆகியவையும் இதே அடித்தளத்தில் நின்றவை. தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும். அதை எஸ்கேப் விசையால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடலாம்! பல பயனர்கள் கணினி கற்றது இந்தக் காலத்தில்தான். எல்லோரும் எல்லாவற்றையும் திறக்கலாம் என்பதே இயல்பு என்று அவர்களும் நினைத்தார்கள், மென்பொருள் எழுதியவர்களும் நினைத்தார்கள். இந்தப் பழக்கம் பின்னால் பெரிய தலைவலியாக வந்து நின்றது.

என்டி கொண்டுவந்த பட்டியல்

1988-இல் டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவ் கட்லர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். அவருடைய குழு உருவாக்கிய விண்டோஸ் என்டி 3.1, 1993 ஜூலையில் வெளிவந்தது. அதனுடன் வந்த புதிய கோப்பு முறையே என்டிஎஃப்எஸ்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-களில் கணினிப் பாதுகாப்பை அளக்க ஒரு நூல் வெளியிட்டிருந்தது. அட்டையின் நிறத்தால் ஆரஞ்சு நூல் என்று பெயர் பெற்றது. அதில் சி2 என்ற தரத்தைப் பெற வேண்டுமானால், தனி ஒருவரைக்கூடச் சேர்க்கவோ விலக்கவோ முடிகிற அளவுக்கு அனுமதிகள் நுட்பமாக இருக்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு விற்க இந்தத் தரம் தேவை. ஆகவே என்டி, யுனிக்ஸின் ஒன்பது குறிகளை விட்டு, மல்டிக்ஸின் பட்டியல் வழியில் போனது. 1995-இல் என்டி 3.5 அந்தச் சி2 தரத்தைப் பெற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், சோதிக்கப்பட்ட கணினி எந்த வலையமைப்பிலும் இணைக்கப்படாதது!

என்டியின் முறை இப்படி இயங்குகிறது. ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. எஸ்ஐடி என்பது அதன் பெயர். பட்டியலில் எழுதப்படுவது இந்த எண்தான், பெயர் அல்ல. ஒருவர் உள்நுழைந்ததும் அவருடைய எண்ணும் அவர் சார்ந்த குழுக்களின் எண்களும் அடங்கிய ஒரு சீட்டு உருவாகிறது. அவர் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அந்தச் சீட்டையும் கோப்பின் பட்டியலையும் இயங்குதளம் ஒப்பிடுகிறது. பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. முறையாக அடுக்கப்பட்ட பட்டியலில் மறுப்புகள் முதலில் வரும், அனுமதிகள் பிறகு வரும்.

பெயரை விட்டு எண்ணை எழுதுவதால் ஒரு விளைவு உண்டு. ரவி என்ற பயனரை நீக்கிவிட்டு, மறுபடியும் ரவி என்ற பெயரிலேயே ஒருவரை உருவாக்கினால், கணினிக்கு அவர் புதிய ஆள். பழைய ரவியின் கோப்புறைகள் அவருக்குத் திறக்காது. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியவர்கள் தங்கள் பழைய கோப்புகளைத் திறக்க முடியாமல் திண்டாடியதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. பட்டியலே இல்லாத கோப்பும், காலியான பட்டியல் உள்ள கோப்பும் ஒன்றல்ல. பட்டியலே இல்லையென்றால் எல்லோருக்கும் எல்லா உரிமையும் உண்டு. பட்டியல் இருந்து, அதில் ஒரு பெயரும் இல்லையென்றால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை.

அப்படி யாருமே நுழைய முடியாமல் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கு உரிமையாளர் என்ற பதவி இருக்கிறது. உரிமையாளரின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், பட்டியலை மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. நிர்வாகி எந்தக் கோப்பின் உரிமையையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொடக்க கால என்டியில் எடுத்த உரிமையை எளிதில் திருப்பிக் கொடுக்க முடியாதபடி வைத்திருந்தார்கள். பிறர் கோப்பை நிர்வாகி எட்டிப் பார்த்தால் அவர் பெயர் அங்கே உரிமையாளராக நின்றுவிடும் என்பதே அதன் நோக்கம்.

அழித்து எழுதிய கட்டளை

அனுமதிகளை மாற்ற விண்டோஸில் பெட்டிகளும் பொத்தான்களும் உண்டு. ஆனால் நூறு பயனர்களின் நூறு கோப்புறைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பது யாரால் முடியும்? அதற்காக வந்ததே கட்டளை வரி. 1996-இல் வந்த என்டி 4.0-இல் கேக்கல்ஸ் என்ற கட்டளை இருந்தது. சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஐந்து எழுத்துகள். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் பட்டியலைக் காட்டும். ஜி என்ற சுவிட்சைச் சேர்த்தால் ஒருவருக்கு அனுமதி தரும்.

அதில் ஒரு பொறி இருந்தது. ஈ என்ற சுவிட்சையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பழைய பட்டியலோடு புதிய பெயர் சேரும். ஈ இல்லாவிட்டால் பழைய பட்டியல் முழுவதும் போய், புதிய பெயர் மட்டும் நிற்கும். ஒருவரைச் சேர்க்கப் போய் மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிவிடலாம்! "உறுதிதானா?" என்று ஒரு கேள்வி கேட்கும். ஆனால் பல கோப்புறைகளுக்குத் தொகுதிக் கோப்பு எழுதும் நிர்வாகிகளுக்கு அந்தக் கேள்வி இடையூறாக இருந்தது. ஆகவே ஒய் என்ற எழுத்தைத் தானாகவே அனுப்பி அதன் வாயை அடைக்கும் வழி பரவியது. எச்சரிக்கை இருந்தது, அதைப் படிக்க யாரும் இல்லை.

பின்னர் நிர்வாகிகளுக்கான தனித் தொகுப்பில் எக்ஸ்கேக்கல்ஸ் என்ற விரிவான கட்டளை வந்தது. அதன் பிறகு அதே பெயரில் ஒரு ஸ்கிரிப்டும் வெளியிடப்பட்டது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வந்தவை இவை.

வீட்டுப் பயனர்களுக்கு வேறொரு சிக்கல். 2001-இல் வந்த எக்ஸ்பி, என்டியின் பாதுகாப்பை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அனுமதிகளைக் காட்டும் பக்கம் மறைக்கப்பட்டிருந்தது. கணினியைப் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கினால்தான் அது கண்ணில் படும். பூட்டு இருக்கிறது, பூட்டைப் பார்க்கும் வழி இல்லை. சாதாரணமாக இயங்கும்போது அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டுமானால் கறுப்புத் திரையில் கேக்கல்ஸ் என்று தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

மரபாக வரும் உரிமை

என்டி 4.0 வரை, ஒரு கோப்பு பிறக்கும்போது அதன் மேல் கோப்புறையின் பட்டியல் நகலெடுக்கப்படும். அதன் பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. மேல் கோப்புறையில் ஒருவரைப் பின்னால் நீக்கினாலும், உள்ளே இருக்கும் ஆயிரம் கோப்புகளில் அவர் பெயர் அப்படியே இருக்கும். விண்டோஸ் 2000 இதை மாற்றியது. தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதுபோல் அனுமதிகள் மேலிருந்து கீழே தொடர்ந்து இறங்கத் தொடங்கின. நேரடியாக எழுதப்பட்ட அனுமதி வேறு, மரபாக வந்த அனுமதி வேறு என்று பட்டியலிலேயே குறிக்கப்பட்டது.

இது பெரிய வசதி. ஆனால் புரிந்துகொள்ள வேண்டிய விதிகளும் கூடின. நேரடியாக எழுதப்பட்டவை முதலில் படிக்கப்படும், மரபாக வந்தவை பிறகே. ஆகவே மரபாக வந்த மறுப்பை நேரடியாகத் தந்த அனுமதி வென்றுவிடும். "மறுப்பு எப்போதும் வெல்லும்" என்று பலர் நம்புவது முழு உண்மை அல்ல. அதேபோல, ஒரு கோப்பை நகலெடுத்தால் அது புதிய இடத்தின் அனுமதிகளைப் பெறும். அதே வட்டுப் பிரிவுக்குள் இடம் மாற்றினால் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே போகும். எல்லோரும் பார்க்கும் கோப்புறையில் தயாரித்த சம்பளப் பட்டியலைப் பூட்டிய கோப்புறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, பத்திரமாகிவிட்டது என்று ஓர் அலுவலர் நினைக்கலாம். அது திறந்தே கிடக்கக்கூடும்.

ஐகேக்கல்ஸ்: பார்த்தலும் சரிசெய்தலும்

2007-இல் விஸ்டாவுடனும், சர்வர் 2003-இன் இரண்டாம் சேவைத் தொகுப்புடனும் ஐகேக்கல்ஸ் வந்தது. பழைய பெயரின் முன்னால் ஓர் ஐ சேர்ந்து ஆறு எழுத்தாயிற்று. கேக்கல்ஸை இயக்கினால் "இது கைவிடப்பட்டது, ஐகேக்கல்ஸைப் பயன்படுத்தவும்" என்ற குறிப்பு வரத் தொடங்கியது.

பழைய கட்டளையின் தவறுகளிலிருந்து கற்ற பாடம் இதன் அமைப்பில் தெரிகிறது. கட்டளையோடு கோப்புறையின் பாதையை மட்டும் கொடுத்தால் எதையும் மாற்றாமல் பட்டியலைக் காட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதன் பின் அடைப்புக்குறிக்குள் எழுத்துகள். எஃப் என்றால் முழு உரிமை. எம் என்றால் திருத்தலாம், அழிக்கலாம். ஆர்எக்ஸ் என்றால் படிக்கலாம், இயக்கலாம். ஆர் என்றால் படிக்க மட்டும். ஓஐ என்று இருந்தால் உள்ளே உள்ள கோப்புகளுக்கும், சிஐ என்று இருந்தால் உட்கோப்புறைகளுக்கும் அது இறங்கும். ஐ என்ற ஒற்றை எழுத்து, இந்த அனுமதி மேலிருந்து மரபாக வந்தது என்பதற்கு அடையாளம். பெயருக்குப் பதில் எஸ் என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், அது பெரும்பாலும் நீக்கப்பட்ட பயனருடையது.

மாற்றும் முன் சேவ் என்ற சுவிட்சால் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளலாம். தவறு நேர்ந்தால் ரெஸ்டோர் என்ற சுவிட்சால் மீட்கலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்துச் சேமித்திருந்தால், மீட்கும்போது அதன் மேல் கோப்புறையைத்தான் கொடுக்க வேண்டும். அனுமதிகள் மட்டுமே சேமிக்கப்படும், உரிமையாளர் யார் என்பது சேமிக்கப்படாது.

அனுமதி தர கிராண்ட் என்ற சுவிட்ச். இது பழைய பட்டியலை அழிப்பதில்லை, சேர்க்க மட்டுமே செய்கிறது. அதன் பின்னால் ஆர் சேர்த்தாலும், குறிப்பிட்ட அந்த ஒருவருக்கு முன்பு நேரடியாகத் தந்த அனுமதி மட்டுமே மாறும். கேக்கல்ஸின் பொறி இங்கே அடைக்கப்பட்டுவிட்டது. ரிமூவ் ஒருவரை நீக்கும். ரீசெட் நேரடியாக எழுதியவற்றையெல்லாம் நீக்கி, மேலிருந்து வரும் அனுமதிகளை மட்டும் வைக்கும். குழம்பிப்போன கோப்புறையைச் சீர்செய்ய இது பெரும்பாலும் போதும். இன்ஹெரிடன்ஸ் என்ற சுவிட்சுக்கு மூன்று வடிவங்கள். ஈ என்றால் மரபுரிமை தொடரும். டி என்றால் மரபுரிமை நின்று, வந்தவை நேரடி அனுமதிகளாக நகலாகும். ஆர் என்றால் மரபாக வந்தவை எல்லாம் போய்விடும். நேரடி அனுமதி எதுவும் இல்லாத கோப்புறையில் இந்த ஆர் வடிவத்தைப் பயன்படுத்தினால் காலிப் பட்டியல்தான் மிஞ்சும், யாரும் நுழைய முடியாது.

டி என்ற தனிச் சுவிட்ச் மரம் முழுவதற்கும் கட்டளையை நீட்டிக்கும். இதைத்தான் மிகுந்த கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். எரிச்சலில் சி வட்டின் உச்சியில் நின்று, எல்லோருக்கும் முழு உரிமை என்று டி சுவிட்சோடு கொடுத்தால், அந்தக் கணினியின் பாதுகாப்பு முழுவதும் ஒரே வரியில் குலைந்துவிடும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதைவிட விண்டோஸை மறுபடி நிறுவுவது எளிது.

பழைய பயனரின் கோப்புறை திறக்காதபோது டேக்ஓன் என்ற கட்டளை உதவும். நிர்வாகியாகத் திறந்த கட்டளைத் திரையில் இதை இயக்கி உரிமையை எடுத்து, பிறகு ஐகேக்கல்ஸால் அனுமதி தந்துகொள்ளலாம். உரிமையை எடுப்பது முதல் படி மட்டுமே. அதனாலேயே கோப்புறை திறந்துவிடும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் இதைச் செய்தால் செட்ஓனர் சுவிட்சால் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

மொழியும் இதில் குறுக்கிடுகிறது. ஜெர்மன் விண்டோஸில் நிர்வாகிகள் குழுவின் பெயர் ஜெர்மனில் இருக்கும். ஆங்கிலப் பெயரோடு எழுதிய கட்டளை அங்கே ஓடாது. ஆகவே பெயருக்குப் பதில் உடுக்குறி இட்டு எஸ்ஐடி எண்ணையே கொடுக்க ஐகேக்கல்ஸ் இடம் தருகிறது. நிர்வாகிகள் குழு எஸ்-1-5-32-544, சாதாரணப் பயனர்கள் குழு எஸ்-1-5-32-545, அனைவரும் என்பது எஸ்-1-1-0. உலகின் எந்த விண்டோஸ் கணினியிலும் இவை மாறுவதில்லை.

மறுபடியும் கடவுச்சொல் கோப்பு

2021 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். விண்டோஸில் பயனர்களின் கடவுச்சொற்களிலிருந்து கணக்கிடப்பட்ட குறியீடுகளைத் தாங்கிய சாம் என்ற கோப்பு, சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃபிக் என்ற கோப்புறையில் இருக்கிறது. நிர்வாகிகளும் இயங்குதளமும் மட்டுமே அதைத் தொடலாம். ஆனால் ஐகேக்கல்ஸால் அந்தக் கோப்பைப் பார்த்தபோது, பட்டியலில் சாதாரணப் பயனர்கள் குழுவின் பெயரும் அதன் பக்கத்தில் ஐ, ஆர்எக்ஸ் என்ற எழுத்துகளும் இருந்தன. அதாவது, மரபாக வந்த அனுமதி, யாரும் படிக்கலாம்!

விண்டோஸ் இயங்கும்போது அந்தக் கோப்பு பயன்பாட்டில் பூட்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் மீட்புக்காக விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் நிழல் நகல்களில் அந்தப் பூட்டு இல்லை, தவறான பட்டியல் மட்டும் இருந்தது. நகலைப் படித்த சாதாரணப் பயனர் நிர்வாகியாகவே மாறிவிடலாம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்தே இந்தக் குறை இருந்தது. ஹைவ்நைட்மேர் என்று பெயரிட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகள், எண்ணற்ற கணினிகளில், ஒரு வரிக் கட்டளையில் தெரியக்கூடிய தவறு படிக்கப்படாமலேயே கிடந்தது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன உடனடி வழி என்ன தெரியுமா? ஐகேக்கல்ஸில் இன்ஹெரிடன்ஸ் சுவிட்சை ஈ வடிவத்தில் அந்தக் கான்ஃபிக் கோப்புறையின் கோப்புகளுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு பழைய நிழல் நகல்களை நீக்க வேண்டும். ஆகஸ்டில் முறையான திருத்தம் வந்தது. அதன் பிறகும் பழைய நகல்களைப் பயனர்களே நீக்க வேண்டியிருந்தது. பட்டியலைத் திருத்தினாலும், பழைய பட்டியலோடு எடுத்த நகல் பழையபடியே இருக்கும் அல்லவா?

1962-இல் துளை அட்டை, 2021-இல் நிழல் நகல். இடையில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், ஆனால் இரண்டிலும் வெளியே போனது கடவுச்சொல் கோப்பு. இரண்டிலும் பூட்டை உடைத்து யாரும் உள்ளே போகவில்லை.

2025 ஏப்ரலில் இதன் மறுபக்கமும் நடந்தது. விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு சி வட்டில் இனெட்பப் என்ற காலிக் கோப்புறை ஒன்று தோன்றியது. தேவையற்ற குப்பை என்று பலர் அதை அழித்தார்கள். அழிக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும், சரியான அனுமதிகளோடு அது அங்கே இருப்பதே ஒரு பாதுகாப்புக் குறைக்கான திருத்தத்தின் பகுதி. அழித்தவர்களுக்காக அந்த அனுமதிகளை மீண்டும் அமைக்கும் ஸ்கிரிப்டும் பின்னர் தரப்பட்டது.

இந்தப் பட்டியல்களால் முடியாததும் உண்டு. விண்டோஸ் ஓடும்போதுதான் அவை காவல் காக்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, வேறு இயங்குதளத்தில் தொடங்கினாலோ பட்டியலை மதிக்க யாரும் இல்லை. அதற்கு மறைகுறியாக்கம் வேண்டும். ஃபேட் முறையில் உள்ள பென் டிரைவுக்குப் போன கோப்பு தன் பட்டியலை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது.

இருந்தாலும், பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவரின் கடிதத்தை மற்றவரிடமிருந்தும், ஓர் அலுவலகத்தின் சம்பளக் கணக்கை அங்குள்ளவர்களிடமிருந்தும் அன்றாடம் காப்பது இந்தப் பட்டியல்தான். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்ததும் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிடத் தோன்றுவது இயல்பு. அதற்கு முன் ஆறு எழுத்துக் கட்டளையைத் தட்டி, பட்டியலில் யார் இருக்கிறார்கள், அந்த அனுமதி எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சாம் கோப்பின் தவறும் அப்படி ஒருவர் படித்துப் பார்த்ததால்தான் வெளியே வந்தது.